சேசிஸ் சார்

ஒரகடம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கம் புதிதாக முளைத்த நகர்களில் தெருவுக்கு ஒருவராவது இவர் இருக்கிறார். வயது நாற்பதை ஒட்டி. டிப்ளமோ மெக்கானிக்கல். ஏதாவது ஒரு கார் கம்பெனியிலோ, அதற்குச் சாமான் செய்து கொடுக்கும் கம்பெனியிலோ மெயின்டனன்ஸ் அல்லது குவாலிட்டி. வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. சொந்தக் கார் தெருவில் வெயிலில் நிற்கும். போர்டிகோவில் செங்கல் அடுக்கின்மேல் நீளமாக ஓர் இரும்புச் சட்டம் கிடக்கும், கயிறு பின்ன மறந்துபோன கட்டில் மாதிரி. அதுதான் சேசிஸ். தெருவில் இவருக்குப் பெயர் சேசிஸ் சார். சொந்தப் பெயர் கரண்டு பில்லில் மட்டும் வருகிறது.

இவர் வசிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோவோடு கிளம்பிய ஹூண்டாய், இன்று அங்குள்ள இரண்டு ஆலைகளிலும் சேர்த்து ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் கார் செய்யும் திறன் கொண்டது. ஓர் ஆண்டில் மொத்தம் 5,25,600 நிமிடம்தான். நிமிடத்துக்கு ஒரு காருக்கு மேல் என்று ஆகிறது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் வந்தது. 2012-இல் பாரத்பென்ஸ் லாரி வந்தது. மறு ஆண்டு ராயல் என்ஃபீல்டு வந்தது. இத்தனை வண்டி நாலாபுறமும் கொட்டிக் கிடக்க, சேசிஸ் சார் தன் பங்குக்கு ஒன்றே ஒன்று செய்துகொண்டிருக்கிறார். அது தீபாவளிக்குள் முடிந்துவிடும். எந்தத் தீபாவளி என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

கார் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு வீட்டிலும் எதற்குக் கார் வேலை என்று மச்சான் கேட்பார். விஷயம் அங்கேதான் இருக்கிறது. சார் பல வருஷமாகப் பார்த்து வருவது இடது பின்கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. வலது பின்கதவு வேறொருவர் பொறுப்பு. இன்ஜின் எங்கிருந்தோ வரும், பெயின்ட் எங்கேயோ ஏறும், முழு வண்டி எப்போதோ கேட்டைத் தாண்டிப் போகும். வாழ்நாளில் ஒரு வண்டியையாவது முன்னாலிருந்து பின்னால் வரை தன் கையால் செய்ய வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. சிலருக்கு இந்த வயதில் மாரத்தான் வரும், சிலருக்கு மாடித்தோட்டம் வரும். இவருக்கு ஹாட் ராடு வந்தது.

நைட் ஷிப்ட் இடைவேளையில், போன் வழியாக. 1930களில் கலிபோர்னியாவில் வாலிபர்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, இன்ஜினைத் தட்டி எழுப்பி, மியூராக் போன்ற வற்றிய ஏரிப்படுகைகளில் ஓட்டிய கதை அது. 1932 மாடல் ஃபோர்டு அவர்களுக்குக் குலதெய்வம். இரண்டாம் உலகப் போர் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியதும் இந்தப் பித்து பெருகி, 1948-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. வற்றிய ஏரி என்ற இடத்தில் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். காஞ்சிபுரம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

அடுத்து அவர் கைக்கு வந்தது ஒரு புத்தகம். இங்கிலாந்தில் ரான் சாம்பியன் என்பவர் 1996-இல் எழுதியது. வெறும் 250 பவுண்டில் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று சொல்வது. சார் அந்த 250-ஐ ரூபாயாக்கி வீட்டில் பட்ஜெட் சமர்ப்பித்தார். அந்தத் தொகை கிரைண்டர், கட்டிங் வீல், வெல்டிங் ராடு, முகமூடி வாங்கியதோடு முடிந்தது. இரும்பு அதற்கப்புறம்.

இரும்புக்கும் மற்றதற்கும், பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டை. ஹாட் ராடு என்றால் பின்சக்கரம் இழுக்க வேண்டும். மலிவில் கிடைக்கும் மாருதி 800 முன்சக்கர வண்டி. அதே 796 சி.சி. இன்ஜினை முன்சீட்டுக்கு அடியில் நெடுக்காக வைத்து, பின் ஆக்சிலை ஓட்டிய புண்ணியவான் மாருதி ஆம்னி வேன். ஆகவே ஆம்னி.

“இன்னா சார், பின் ஆக்சிலா? டிரம்மோட எடுத்துக்கோ. பட்டையும் சேத்துத் தரேன். வண்டி எங்க நிக்குது?”

“வண்டி இல்லப்பா. இனிமேதான் செய்யணும்.”

கடைக்காரர் அதற்கப்புறம் விலை குறைக்கவில்லை. கிறுக்கனிடம் பேரம் பேசக் கூடாது என்பது அந்தக் கடைவீதியில் எழுதாத சட்டம்.

சேசிஸிலிருந்து தொடங்கியதுதான் சாருடைய முதல் பிசகு. விவரம் தெரிந்தவர்கள் டயரிலிருந்து தொடங்குவார்கள்: எந்த டயர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம், சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு ஆட வேண்டும், அந்த ஆட்டத்தைத் தாங்கும் ஆர்ம் எங்கே பிடிக்க வேண்டும். இத்தனையும் முடிவான பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் பிடிமானங்களை இணைக்க வருவதுதான் சேசிஸ். ஆனால் சஸ்பென்ஷன் கணக்கைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க முடியாது. நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் பாக்ஸ் பைப்பை நீளமாக அறுத்துப் போட்டால் அன்றைக்கே நாற்பது லைக் வருகிறது.

வெல்டிங்குக்கு வந்தவர் தெருமுனை கிரில் கடைக்காரர். ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முழுசாக ஓட்டினார். இரும்பு சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது சட்டத்தையும் தன் பக்கம் இழுக்கும். அதனால்தான் முதலில் நான்கு மூலையிலும் சிறு பொட்டாக டாக் மட்டும் வைத்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று டேப் பிடித்துப் பார்த்து, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைப்பார்கள். சார் கம்பெனியில் ரோபோ இதைத் தினம் செய்கிறது. அவரும் தினம் அதைக் கடந்துதான் கேன்டீனுக்குப் போகிறார்.

“சார், நான் போட்ட கேட்டு இருபது வருஷமா ஆடாம நிக்குது.”

“கேட்டு நிக்கட்டும்ப்பா. இது ஓடணுமே!”

ஆறிய பிறகு ஒரு மூலை செங்கல்லை விட்டு எழுந்திருந்தது. சார் ரசமட்டம் வைத்தார். ஒரே குழப்பம். எங்கே வைத்தாலும் தெருப் பக்கம் சாய்வு காட்டியது. சட்டம் கோணலா, தரை கோணலா? கொத்தனார் வந்துதான் தீர்ப்புச் சொன்னார்: போர்டிகோ கழுவிய தண்ணீர் தெருவுக்கு ஓட அவரே வாட்டம் விட்டிருக்கிறார். கம்பெனியில் இதற்கென்று சமதளப் பலகையும் ஜிக்கும் உண்டு. இங்கே கொத்தனாரின் டியூப் லெவல்தான் கதி. நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி இரு முனையையும் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் பொய் சொல்லாது. சட்டமும் கோணல் என்று தண்ணீர் சொன்னது.

விடுமுறைக்கு வந்த அக்கா மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. கல்லூரி அணிக்காக பாஹா என்ற மாணவர் பந்தயத்துக்கு வண்டி கட்டுகிறவன். சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, இதுக்கு ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் எல்லாம் பண்ணீங்களா?”

“ஏறிக் குதிச்சுப் பார்த்தேன்டா. தாங்குது.”

பையன் விடவில்லை. பின்பக்கத்தை இறுகக் கட்டி, முன்பக்கத்தை நடுவில் ஒரே புள்ளியில் தாங்கவைத்து, குறுக்கே ஒரு பைப் கட்டி, நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளி வீட்டு அரிசி மூட்டையைத் தொங்கவிட்டான். மூட்டை 25 கிலோ. ஆகவே முறுக்கு சுமார் 245 நியூட்டன் மீட்டர். சட்டத்தில் ஒட்டிய லேசர் விளக்கின் புள்ளி சுவரில் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தால் கோணம் தெரிந்துவிடும். அரைப் பாகை திரும்பினால்கூட, ஒரு பாகைக்கு ஐந்நூறு நியூட்டன் மீட்டர் தேறாது. இன்றைய சாதாரணக் கார்கள் பலவும் பத்தாயிரத்தைத் தாண்டுகின்றன. ஏணிச் சட்டம் எளிதில் வளையாது, ஆனால் முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க நடுவில் எக்ஸ் வடிவத்தில் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். பையன் இதையெல்லாம் விளக்கி முடித்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஏன்டா, அரிசிய யாரு எடுத்தது?”

முன் சஸ்பென்ஷன் இதைவிடப் பெரிய கதை. ஆம்னியின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், உயரமான தூண். மூக்குத் தாழ்ந்த ஹாட் ராடில் அதை நட்டால் பானெட்டைப் பிளந்துகொண்டு இரண்டு கொம்பு தெரியும். ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம் கொண்ட டபுள் விஷ்போன். சார் அட்டைப்பெட்டியை வெட்டி, குண்டூசி குத்தி, சிறிய ஆர்ம்களைச் சுவரில் ஆட்டிப் பார்த்தார். சக்கரம் பக்கவாட்டில் சாயும் கேம்பர் வந்தது. ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் காஸ்டர் வந்தது. அக்கர்மன் வந்தபோது பெருமை பொங்கியது. வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை மியூனிக் வண்டிக்காரர் லாங்கன்ஸ்பெர்கர் கண்டுபிடித்தார்; அவருக்காக ருடால்ஃப் அக்கர்மன் 1818-இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிக்கு! இதைத் தண்ணீர் கேன் போடும் பையன் உட்பட எல்லாரும் கேட்டாகிவிட்டது.

கேட்காதது பம்ப் ஸ்டியர். டை ராடின் நீளமும் இடமும் ஆர்ம்களோடு ஒத்துப்போகாவிட்டால், மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில், பக்கத்தில் கன்டெய்னர் லாரி போகும் நேரத்தில், இது விரும்பத்தக்க குணம் அல்ல. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை அங்குலம் அங்குலமாகத் தூக்கி, அதில் கட்டிய பலகையின் இரு முனையும் நேராக இழுத்த நைலான் நூலிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளக்க வேண்டும். சார் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை இதில் விட்டார். ஆறாவது ஞாயிறு, துவைத்த துணி அந்த நூலில் காய்ந்தது.

ஆயுத பூஜை வந்தது. சேசிஸுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் ஆயிற்று. எலுமிச்சம்பழத்தில்தான் சிக்கல். சக்கரத்தடியில் வைத்து நசுக்க வேண்டும், சக்கரம் இல்லை. அம்மா யோசித்து நாலு செங்கல் பக்கத்தில் நாலு பழம் வைத்தார். நசுங்காத பழம் மறுநாள் சாதம் ஆயிற்று.

எல்லாம் முடிந்தாலும் இதை ரோட்டில் ஓட்ட முடியாது என்பது சாருக்குத் தெரியும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது.

“மாத்தினாத்தானே தப்பு? நான் எதையும் மாத்தலையே. புதுசா செய்யறேன்.”

வக்கீல் நண்பர் சிரிக்கவில்லை. “அப்போ நீங்க உற்பத்தியாளர். மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கணும்.” அந்தச் சோதனைகளைச் செய்கிற மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையங்களில் ஒன்று ஒரகடத்திலேயே இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது சார் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

மிச்சம் இருப்பது ரேஸ் டிராக். 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் திறந்தது, சுற்று 3.717 கிலோமீட்டர். அங்கும் ரோல் கேஜ், பெல்ட், ஆய்வு என்று விதி உண்டு. ஆனால் இந்த இடத்தில் சாருக்குக் கேலி செல்லாது. அவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதனைச் சொல்வார். ஆலைக் குடும்பத்தில் பிறந்து, மாருதி 800 இன்ஜினை வைத்து இங்கேயே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில், இதே டிராக்கில் ஓட்டி, மேடையும் ஏறினார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் போன முதல் இந்தியரும் அவரே. உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்த சட்டம் அவ்வளவு தூரம் ஆளை ஏற்றிவிட்டிருக்கிறது. சார் கணக்கில் தவறு இருக்கலாம், ஆசையில் இல்லை.

இவருடைய பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியை எவ்வளவு வேண்டுமானாலும் வேடிக்கை பாருங்கள். வெல்டிங் வெளிச்சத்தை மட்டும் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள். கண் எரிச்சல் அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரி தூங்கும்போதுதான் தெரியும்.