பூஜ்ஜியத்தை விடுவிக்கக் கோரும் மனு

பெறுநர்: தொழில்நுட்ப உதவிப் பிரிவு, (பெயர் வேண்டாம்) சென்சார் சிப் நிறுவனம்.

பொருள்: தங்கள் வெப்பநிலை சென்சார் பிடித்து வைத்திருக்கும் பூஜ்ஜியத்தை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ‘அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்’ என்ற தங்கள் மின்னஞ்சல்.

மதிப்புக்குரியீர்,

முதலில் தங்கள் சிப்பின் கடமையுணர்ச்சியைப் பாராட்ட வேண்டும். குளிர்பதனக் கிடங்கின் கூரையில் நாங்கள் மாட்டிய பெட்டிக்குள் அது வேலை பார்க்கிறது. கன்ட்ரோலர் வெப்பநிலை கேட்டது. சிப் பிட் பிட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அது பூஜ்ஜியம் ஒன்றைச் சொல்லும் நேரம் பார்த்து, காவல் டைமரான வாட்ச்டாக் கன்ட்ரோலரை ரீசெட் செய்துவிட்டது. எழுந்த கன்ட்ரோலருக்குப் பழைய பேச்சு எதுவும் நினைவில்லை. தங்கள் சிப்புக்கோ மறக்கவே இல்லை. அடுத்த முத்திரை விழாமல் கோப்பைக் கீழே வைக்காத குமாஸ்தாவைப் போல, அடுத்த க்ளாக் துடிப்பு வரும்வரை டேட்டா கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி நிற்கிறது.

அது மட்டும் நின்றால் பரவாயில்லை. இவை பேசிக்கொள்ளப் பிலிப்ஸ் 1982இல் வகுத்த ஐ-டூ-சி முறையில் கம்பியை மேலே தூக்குவது புல்-அப் ரெசிஸ்டர் மட்டுமே. சிப்புகளுக்கு உள்ளது கீழே இழுக்கும் அதிகாரம். ஒருவர் இழுத்தால் எல்லோருக்கும் பூஜ்ஜியம். பேச்சைத் தொடங்கும் அடையாளமே, க்ளாக் மேலே இருக்கையில் டேட்டா கம்பி கீழே இறங்குவதுதான். ஏற்கெனவே கீழே கிடப்பது எங்கே இறங்கும்? பக்கத்தில் இருக்கும் கடிகாரச் சிப்பும் மெமரி சிப்பும் ஒரு குற்றமும் செய்யாமல் வாயடைத்துக் கிடக்கின்றன.

தாங்கள் முதலில் சொன்ன வைத்தியம் ‘சாஃப்ட் ரீசெட்’ கட்டளை. அருமையான கட்டளை. அதை அனுப்ப வேண்டியது அதே கம்பிகளாலான பஸ் வழியாக! பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த பெருந்தன்மையை எங்கும் கண்டதில்லை.

அடுத்து, அணைத்துப் போடச் சொன்னீர்கள். சென்சாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் துண்டித்தோம். புல்-அப் ரெசிஸ்டர் வழியே கம்பிகளில் வந்த மின்சாரம், சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடுகளில் நுழைந்து அதை அரை உயிரோடு வைத்திருந்தது. மொத்தப் பெட்டியையும் அணைக்க வேண்டுமானால், ஏணியும் ஸ்வெட்டருமாகத் தங்கள் அதிகாரி ஒருவரை அனுப்பிவையுங்கள்.

உண்மையான மருந்து தற்போது என்எக்ஸ்பி பராமரிக்கும் ஐ-டூ-சி விதிநூலில் இருக்கிறது: டேட்டா கம்பி மாட்டிக்கொண்டால் ஒன்பது க்ளாக் துடிப்பு கொடு. எந்த பிட்டில் நின்றிருந்தாலும் அதற்குள் ஒப்புகைக்கான இடம் வந்துவிடும். அங்கே சிப் கம்பியை விட்டாக வேண்டும். ஒப்புகை வராவிட்டால் பேச்சு முடிந்ததென்று அது ஒதுங்கும். பிறகு ஒரு ஸ்டாப். கன்ட்ரோலரின் ஐ-டூ-சி பகுதி ‘பஸ் பிஸி’ என்று கையை விரிப்பதால், அதை ஒதுக்கிவிட்டு க்ளாக் பின்னைச் சாதாரண பின்னாக்கி நாமே ஆட்ட வேண்டும். செய்தோம். பூஜ்ஜியம் விடுதலையானது, மறுபடி வாட்ச்டாக் குறுக்கிடும் நாள்வரை.

சிப்பைச் சுற்றி அனுப்பும் சுருளின் விட்டத்தைக்கூட டேட்டா ஷீட்டில் அச்சிடும் தாங்கள், இந்த ஒன்பது துடிப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. காகிதச் செலவு கருதியோ?

ஆகவே வேண்டுவது: அடுத்த சிப்பில் ரீசெட்டுக்கென ஒரு கால் கூடுதலாகக் கொடுங்கள். முடியாதென்றால் இதே போன்ற எஸ்எம்பஸ் முறைக்காரர்களைப் பாருங்கள். அங்கே க்ளாக் 25 மில்லிவினாடிக்கு மேல் கீழே கிடந்தால், 35க்குள் சிப் தன் பேச்சைக் கைவிட்டுத் திரும்ப வேண்டும். ஐ-டூ-சியில் அப்படி ஒரு கெடு இல்லை என்பது தெரியும். இருக்கக் கூடாது என்றும் யாரும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஏணிக்குக் கீழே நிற்கும் வாடிக்கையாளர்

இணைப்பு: தட்டைக் கோடாகக் கிடக்கும் டேட்டா கம்பியின் ஆசிலாஸ்கோப் படம்.

நகல்: கடிகாரச் சிப், மெமரி சிப் (பஸ் திறந்ததும் கிடைக்கும்).