பழம் சாமிக்கு, இலை ஆசாமிக்கு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் புது வண்டி வாங்கினாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். சாவியை வாங்கிய கையோடு என் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிடுவார்கள். “சார், உங்க பால்கனியில நாலு எலுமிச்சம்பழம் தொங்குதே, கீழேருந்து பார்த்தேன்” என்பார்கள். நாலு சக்கரத்துக்கு நாலு பழம். எண்ணிவிட்டுத்தான் மாடி ஏறியிருப்பார்கள். ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை ஏற்பட்டது இப்படித்தான்.

வண்டி இல்லாதவர்களுக்குத் தெய்வம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்கும். இரண்டே முக்காலுக்கு எதிர்வீட்டு அம்மா வந்து நிற்பார். துர்க்கைக்கு விளக்குப் போட ஒரு பழம் வேண்டும். அதை இரண்டாக நறுக்கி, சாற்றைப் பிழிந்து, மூடியைப் புரட்டி, நெய் ஊற்றித் திரி போடுவார். பிழிந்த சாறு என்ன ஆகிறது என்று ஒருமுறை நாசூக்காகக் கேட்டேன். “அது ஜூஸ் போட்டுக் குடிச்சிடுவோம் சார்” என்றார், கொஞ்சமும் நாசூக்கு இல்லாமல். அமாவாசைக்கு வாசலில் கட்ட ஒன்று, ஆயுத பூஜைக்கு மோட்டார் அறைக்கு இரண்டு, புத்தாண்டன்று மேலதிகாரியைப் பார்க்கப் போகும் இரண்டாம் மாடிக்காரருக்கு ஒன்று. கடைப் பழம் ஆகாதாம். செடியிலிருந்து அப்போதே பறித்த பழத்துக்குத்தான் சக்தியாம். இதைக் கண்டுபிடித்தவர் வீட்டில் எலுமிச்சைச் செடி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

2019 அக்டோபர் 8, விஜயதசமி அன்று பிரான்சில் முதல் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார். நாடு அதைப் பற்றிச் சில நாள் சிரித்தது, சில நாள் சண்டை போட்டது. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. அது யார் வீட்டுச் செடியில் பறித்ததோ என்ற கவலைதான் வருகிறது.

நான் செடி வாங்கியது இந்தப் புண்ணியங்களுக்காக அல்ல. 2022 ஏப்ரலில் எலுமிச்சம்பழம் ஒன்று பத்து ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருக் கடைக்காரர் பழங்களைக் கூடையிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கேட்டால் மட்டும் காட்டினார். அந்த வெயிலில் கடை வாசலில் நின்றபோதுதான் வீட்டிலேயே ஒரு செடி என்ற யோசனை உதித்தது. எலுமிச்சை சாதம், ஊறுகாய், சாயங்காலம் உப்புப் போட்டு ஒரு ஜூஸ் என்று மனசுக்குள் பந்தி விரித்துவிட்டேன்.

அம்மாவுக்குப் புளியங்குடிப் பக்கம். தென்காசி மாவட்டத்தில் எலுமிச்சைச் சந்தைக்கே பேர்போன ஊர். அங்கே பிறந்து வளர்ந்தவளைக் கூட்டி வந்து, பால்கனிக் கதவைத் திறந்து, 18 அங்குலத் தொட்டியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் செடியைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

“ஏல, மரத்தக் கொண்டாந்து வாளியில வச்சிருக்க?”

“இது பி.கே.எம். 1 ரகம்மா. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில கண்டுபிடிச்சது.”

“காலேஜுல படிச்சாலும் மரம் மரந்தாம்ல.”

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எலுமிச்சைக்கு மரத்துக்கு மரம் 5 முதல் 6 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது வேளாண் கையேடுகளின் கணக்கு. எங்கள் பால்கனியின் நீளமே மூன்று மீட்டர்தான். கையேட்டை மதித்து நடந்தால் என்னுடைய இரண்டாவது செடியைப் பக்கத்து வீட்டுச் சமையலறையில்தான் நட முடியும்.

ஆனால் தொட்டிக்குள் வேர் அடங்கிவிட்டால் மரமும் அடங்கித்தான் ஆக வேண்டும். மீறி எழும் கிளையைக் கத்தரித்துவிடலாம். மரம் குட்டையாகவே நிற்க வேண்டும் என்று வெளிநாடுகளில் இன்னொரு தந்திரமும் செய்கிறார்கள்: ‘ஃப்ளையிங் டிராகன்’ என்ற, முள்ளும் முறுக்குமாக வளரும் ஜப்பானிய வேர்ச்செடியின் மேல் ஒட்டுக் கட்டிவிடுகிறார்கள். நம் ஊர் நர்சரியில் டிராகன் என்று வாயைத் திறந்தால் டிராகன் பழக் குச்சியைக் கையில் கொடுத்து நூற்றைம்பது ரூபாய் கேட்பார்கள். எனவே நமக்குத் தொட்டியும் கத்தரிக்கோலுமே கதி.

வெயில்தான் பெரிய வழக்கு. இந்தச் செடிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். பால்கனியில் விழும் அந்த வெயிலுக்கு ஏற்கெனவே ஓர் உரிமையாளர் இருந்தார்: கொடியில் காயும் துணி. காற்றடித்தால் புடவை முள்ளில் மாட்டும். “ஏங்க, புடவைக்கும் உங்க செடிக்கும் ஒண்ணைத் தேர்ந்தெடுங்க” என்றாள் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இது எப்படிப்பட்ட கேள்வி என்று தெரியாதவனா நான்? துணிக்கொடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. சக்கரம் வைத்த மணையை வாங்கி, அதன்மேல் தொட்டியை ஏற்றி, வெயில் போகும் பக்கமெல்லாம் தள்ளுகிறேன். ஈரமண்ணோடு அந்தத் தொட்டி ஓர் ஆளின் எடைக்குக் குறையாது. சங்கக் கூட்டத்தில் பால்கனி தாங்குமா என்று ஒரு தீர்மானம் வந்தபோது, மண்ணில் பாதியைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவு கலந்து சமாதானமானோம். தீர்மானம் கொண்டுவந்தவர் அடுத்த மாதம் கார் வாங்கினார். நாலு பழம்.

தண்ணீர் விஷயத்தில் என் செடி எங்களைவிட வசதியானது. எலுமிச்சைக் குடும்பத்துக்கு உப்பு ஆகாது. எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் இலை நுனி தீய்ந்து போகிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதுவும் கூடாது. ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது என்பதால் அதைப் பிடித்து ஊற்றுகிறேன். மின் கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் செடிக்காகத்தான் ஏ.சி. போடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடிகிறது. எப்போதும் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகிவிடும், மேல்மண் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தோப்புக்காரர்கள் சில நாள் தண்ணீரை நிறுத்தி, மரத்தை வாடவிட்டு, பிறகு பாய்ச்சிப் பூக்கவைப்பார்கள். நான் தண்ணீரை நிறுத்தினால் அம்மா ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறாள். வாளியில் இருந்தாலும் சொந்த ஊர்ச் செடியாயிற்றே.

ஒருமுறை இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தண்ணீர் அதிகம் என்றார் ஒருவர். தண்ணீர் போதாது என்றார் அவருடைய மனைவி. கடைசியில் முதல் மாடிப் பாட்டி சொன்ன வைத்தியம்தான் எல்லோராலும் ஏற்கப்பட்டது: “திருஷ்டி பட்டிருக்கு. ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க.” செடியில் அப்போது பழம் இல்லை. எலுமிச்சைச் செடிக்குத் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் கடையில் வாங்கி வந்த ஒரே ஆள், தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன். அப்படியே இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு கலந்த நுண்ணூட்டமும் வாங்கி இலைமேல் தெளித்தேன். செடி பச்சையானது. பெயர் பாட்டிக்குப் போயிற்று.

இப்படிச் சாதம் கலக்கப் பழமில்லாமல் காலம் போய்க்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு மாமி வந்தார். அவர் பழம் கேட்கவில்லை. “கொழுந்தா ஒரு கைப்பிடி இலை கிடைக்குமா?” என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுநாள் ஒரு கிண்ணத்தில் வேப்பிலைக்கட்டி வந்தது: எலுமிச்சை இலையின் நடு நரம்பைக் கிள்ளி எறிந்து, மிளகாய், உப்பு, புளி, ஓமம், பெருங்காயத்தோடு இடித்து உருட்டியது. தயிர் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்ட அன்றுதான், இந்தச் செடியிலிருந்து முதன்முதலாக ஏதோ ஒன்று என் வயிற்றுக்குள் போயிற்று. அதைப் பார்த்து அம்மாவும் நீர்மோரில் இரண்டு இலையைக் கசக்கிப் போட ஆரம்பித்தாள்.

என் முடிவு இதுதான்: தொட்டியில் வைத்த எலுமிச்சை மர வகையில் சேராது, கீரை வகையில் சேரும். எப்போதாவது காய்க்கிற கீரை. தொட்டிச் செடியைப் பழத்துக்காக வளர்ப்பதில்லை என்பதை உலகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிரான்சின் பதினான்காம் லூயி மரப்பெட்டிகளில் ஆரஞ்சு வளர்த்தார்; குளிர்காலத்தில் அவற்றைக் காப்பதற்கென்றே வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை ஒரு மாளிகை கட்டினார்கள். இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டி மரங்கள் இலையுதிர் காலத்தில் உள்ளே போய், மே மாதம் வெளியே வருகின்றன. தொட்டி தள்ளுவதில் ராஜாவும் நானும் ஒரே சாதி. அவருக்குத் தள்ள ஆள் இருந்தது, அவ்வளவுதான். அவர் ஊறுகாய் போட வளர்க்கவில்லை. வேண்டியது பூவின் வாசனையும் பகட்டும். சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்கு வாசலில் வைக்கும் குட்டி ஆரஞ்சுச் செடி, பொன் நிறத்தால் வீட்டுக்குச் செல்வம் சேர்க்கத்தான். 1908இல் ஃபிராங்க் மேயர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன மேயர் எலுமிச்சைகூட, பெய்ஜிங் பக்கம் அழகுக்குத் தொட்டியில் வைத்திருந்த செடிதான். பழத்தை நம்பித் தொட்டி வாங்கியவர்களின் வரலாறு பெரும்பாலும் என்னோடு தொடங்குகிறது.

கீரை என்று முடிவானதும் போட்டி முற்றியது. மாமிக்குக் கொழுந்துதான் வேண்டும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கும் கொழுந்துதான் வேண்டும்; அதில்தான் முட்டையிடும். போதாததற்கு இலைத் துளைப்பான் என்ற நுண்ணிய புழு கொழுந்தின் தோலுக்குள் நுழைந்து, மழைக்கு முந்தின நாள் சாலையைத் தோண்டிவிட்டு மூடாமல் போகிறவர்களைப் போல, கோணல் மாணலாக வெள்ளிக் கோடு போட்டு இலையைச் சுருட்டிவிடுகிறது. இலை வயிற்றுக்குப் போவதால் பூச்சி மருந்து அடிக்க வழியில்லை. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்தான்.

வண்ணத்துப்பூச்சியின் புழு பெரிய நடிகர். சின்ன வயதில் பறவை எச்சம் போலவே வேஷம் கட்டி இலையில் உட்கார்ந்திருக்கும். மனைவி ஒரு வாரம் புறாக்களைத் திட்டித் தீர்த்தாள். பிறகு எச்சம் நகர்ந்தது. வளர்ந்ததும் பச்சை வேஷம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக ஒரு கவைக் கொம்பை நீட்டி, நாற்றம் வேறு விடும். நசுக்கப் போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள். “கொல்லாதீங்கப்பா, அது வண்ணத்துப்பூச்சி ஆகும்.”

சமரசமாக, புழுக்களைப் பக்கத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்குக் குடிமாற்றலாம் என்றேன். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம், மூன்றையும் அது தின்னும் என்று விளக்கவும் செய்தேன். அறிவியலை வீட்டில் பேசவே கூடாது. “கறிவேப்பிலைய அதுக்குக் குடுத்துட்டு நான் எத வச்சுத் தாளிக்கிறது? புழுவ வச்சா?” என்று மனைவி கேட்டாள். மிச்சமிருந்தது வில்வம். குடியிருப்புப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது. மகள் ஒவ்வொரு புழுவாகக் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் அதில் விட்டுவிட்டு வருகிறாள். என் செடியைத் தின்ற பாவிகளுக்குச் சிவபதவி.

கீரை என்றால் இலை பெரிதாக இருக்கலாமே என்று அம்மா ஒரு யோசனை சொன்னாள்: நார்த்தை வை. போன ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் ஓரத்து நர்சரிக்குப் போனேன். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய செடிகள், காலில் செம்மண் உருண்டையோடு வரிசையாக நின்றன. இந்த முறை விவரமாகக் கேட்பது என்று தீர்மானித்திருந்தேன். விதைக் கன்று காய்க்க நாலைந்து வருடமாவது ஆகும். பதியமோ ஒட்டோ சீக்கிரம் பலன் தரும். ஒட்டு என்றால் கட்டிய இடம் தண்டில் தெரிய வேண்டும். அதற்குக் கீழே கிளம்பும் தளிரை விட்டுவைத்தால், நாம் வாங்கிய செடி போய் வேர்ச்செடி குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். பக்கத்து பிளாக்கில் ஒருவர் அப்படி ஒரு முள் கிளையை ‘என்ன வளர்ச்சி பாருங்க’ என்று பெருமையோடு காட்டிக்கொண்டிருக்கிறார்.

“இது ஒட்டா, விதைக் கன்றாண்ணே?”

“காய்க்கும் சார்.”

“ஒட்டுக் கட்டின இடம் எங்கே இருக்கு?”

“நிறைய காய்க்கும் சார்.”

“தொட்டியில வைக்கலாமா?”

“தொட்டியிலதான் சார் காய்க்கும்.”

“காய் வேண்டாம்ணே. இலைக்குத்தான் வாங்கறேன். இலை நல்லா வருமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செடியைப் பார்த்தார். வியாபாரத்தைக் கைவிட மனசில்லை.

“இலையும் காய்க்கும் சார்.”