கூகுளுக்கு மாமா கிடையாது

விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களை வாங்கி ஸ்ரீமுஷ்ணத்தில் விற்கிற மாமாவுக்கு ஆப் வேண்டுமாம். வீட்டில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துத் தொலைத்தால் சொந்தக்காரர்களுக்கு ஆப் இலவசம் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்.

கொலு பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி என்று படத்தோடும் விலையோடும் நீளப் பட்டியல் போட்டேன். மாமா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஆர்டர் பட்டன் எங்கடா மாப்ள?"

"கடைசியில இருக்கு மாமா."

"அதுக்குள்ள அவன் பஸ் ஏறிப் போயிடுவான்டா!"

நியாயம்தான். இதற்கென்றே கூகுள் 2014-இல் மெட்டீரியல் டிசைன் என்கிற வடிவமைப்பு முறையோடு மிதக்கும் பட்டனையும் இறக்கியது. பட்டியல் அடியில் ஓடும். பட்டன் மேல் அடுக்கில், வலது கீழ் மூலையில், அசையாமல் உட்கார்ந்திருக்கும். கீழே கொஞ்சம் நிழல் விழுந்திருப்பதால் அது மிதப்பதாக நாமும் நம்பிவிடுவோம். ஒரு திரைக்கு ஒரு பட்டன், அதுவும் தலையாய வேலைக்கு மட்டும் என்பது கூகுளின் யோசனை. கூகுளுக்கு மாமா கிடையாது.

வாட்ஸ்அப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, கடைக்கு வழி காட்ட ஒன்று என்று மாமா பட்டன்களாகக் கேட்டார். அத்தை தன் பங்குக்கு, மேலே தாவ ஓர் அம்புக்குறி கேட்டார். பெருமாள் புறப்பாட்டில் நமக்கு முன்னால் ஓர் ஆறடி ஆள் நிற்பாரே, நாம் நகர்ந்தால் அவரும் நகர்வாரே, அப்படி ஆனது திரை. கடைசிச் சாமானின் விலை பட்டனுக்கு அடியில் போய்விட்டது. எவ்வளவு தள்ளினாலும் வெளியே வராது. விலை கேட்டு ஆட்கள் போன் செய்தார்கள்.

"பாத்தியா, போன் பட்டன் எப்படி வேலை செய்யுது!" என்றார் மாமா.

கீழே தள்ளும்போது பட்டன் மறைந்து, மேலே தள்ளினால் எட்டிப் பார்க்கும்படி செய்தேன். "கஸ்டமரைப் பாத்தா கடைக்காரன் ஒளிவானாடா?"

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்பட்டார். அங்கே முஸ்லிம்களும் சேர்ந்து பெருமாளை வரவேற்பார்கள். மாமா அதைத் தவறவிட மாட்டார். அவர் கிளம்பியதும் ஆர்டர் பட்டனை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் எடுத்தேன். பட்டன் 56 டிபி (திரையை அளக்கும் அலகு), மேலும் கீழும் 16. ஆக மொத்தம் 88 டிபி வெற்றிடத்தைப் பட்டியலின் அடியில் சேர்த்தேன். கடைசி ஜாடியும் பட்டனைத் தாண்டி மேலேறி, விலையைக் காட்டியது.

திரும்பி வந்த மாமா கடைசிவரை தள்ளினார். விலையைப் பார்த்தார். அதற்குக் கீழேயும் பார்த்தார்.

"ஏன்டா, இவ்ளோ இடம் சும்மாதானே கிடக்கு? ஒரு பட்டன் வைக்கலாமே!"