முசேவுக்கு மஞ்சள் சுவர் வீடு

வாருங்கள் முசே, வாருங்கள் மதாம். புதுச்சேரி ஒயிட் டவுனில் குடியேறுவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள், மெத்த மகிழ்ச்சி. தரகர் காட்டும் வீட்டுக்கு வளைவு வாசல் இருக்கும், நடுவில் முற்றம் இருக்கும், மதிலில் காகிதப்பூ தொங்கும். சுவர் கட்டாயம் கடுகு மஞ்சளில் இருக்கும். வீட்டுக்காரர் பூஜையறையை வேண்டுமானால் இடம் மாற்றுவார், அந்த மஞ்சளை மட்டும் மாற்றமாட்டார். வாடகை அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"முன்னூறு வருஷத்து வீடு சார்" என்பார் தரகர். 1761இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகு எழுந்ததுதான் இன்று நிற்கிறது. நூல் பிடித்தாற்போன்ற தெருக்களைக் காட்டி பிரெஞ்சு மூளை என்பார் சுற்றுலா வழிகாட்டி. அந்தத் திட்டத்தை வரைந்தது, 1693 முதல் ஆறு வருஷம் ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் தரகர் தலையாட்டுவார். வாடகையில் பத்து ரூபாய் குறையாது.

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கப் போங்கள். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகள் அங்கே வராது. மனிதன் நடப்பதற்கென்று இந்த ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் அது. மற்ற இடங்களில் நடைபாதை பெட்டிக்கடைக்கும் மின்மாற்றிக்கும் சொந்தம். கடலைப் பாருங்கள், ஆனால் மணலைத் தேடாதீர்கள். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கென்று அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வந்த மணல் அங்கேயே மாட்டிக்கொண்டது. வடக்கே கரை கரைந்தது. சாலையைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் காத்த இடம் பிழைத்தது. கல் முடிந்த இடத்தில் கடல் உள்ளே வந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைத்தாண்டவன்குப்பம் என்று ஒவ்வொன்றாக வடக்கே கடித்துக்கொண்டு போனது. படகு ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் போனது. பிறகு விஞ்ஞானிகள் வந்தார்கள், கடலுக்கடியில் இரும்புத் தடுப்பு இறக்கினார்கள், கொஞ்சம் மணல் திரும்பியது. எங்கே? தலைமைச் செயலகத்துக்கு எதிரே! எந்த வாசலில் ஒதுங்கினால் மரியாதை என்று மணலுக்கும் தெரிந்திருக்கிறது.

நடை முடிந்து பசித்தால் எந்தத் தெருவிலும் கபே உண்டு. ஒரு குரோசான், ஒரு காபி. பில்லில் இருக்கும் தொகைக்கு நேரு வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு பீடாவும் போட்டுக்கொள்ளும். தட்டு கொண்டுவரும் பையன் "போன்ழூர்" என்பான். அவன் ஊர் கேட்காதீர்கள், முத்தியால்பேட்டை என்று உண்மையைச் சொல்லித் தொலைப்பான். அவனே பக்கத்து மேசையில் வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் தமிழரிடம் ஆங்கிலத்தில் ஆர்டர் கேட்பான். தமிழர் ஆங்கிலத்தில் தப்பாகப் பதில் சொல்வார். இருவரும் தமிழர்கள், இருவருக்கும் அது தெரியும். உட்கார்ந்தவராவது பரவாயில்லை. வாசலிலேயே காவலாளி மேலும் கீழும் பார்த்து "என்ன வேணும்?" என்று கேட்டதில் திரும்பிப் போனவர்களும் உண்டு.

1873இல் இதே ஊரில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். நாட்டுக்காரன் சப்பாத்தோடு வருவதா என்று வெள்ளை நீதிபதி தண்டித்தார். பிள்ளை பாரீஸ் வரை போய் வழக்காடி ஜெயித்தார். இன்றைக்கு யார்மேல் வழக்குப் போடுவது? கபேவின் முதலாளி நம்மாள், காவலாளி நம்மாள், அனுமதி தந்த அரசும் நம்மாள். பாரீசுக்கு மேல்முறையீடு போகவும் வழியில்லாமல் சுதந்திரம் வாங்கிவிட்டோம்.

நீங்கள் நல்லவர், முசே. உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பொறுமையாகத் தமிழ் எழுத்து கற்கிறீர்கள், ரிக்‌ஷாக்காரருக்குக் கேட்டதற்கு மேலேயே கொடுக்கிறீர்கள். உங்களைக் காட்டிக் கடை பரப்பும் எங்களவர்களிடம்தான் எனக்குக் கணக்கு இருக்கிறது.

ஊருக்கு நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறதே, அதற்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே கறுப்பர் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிரித்தார்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்; கூடவே வாய்க்காலையும் ஒப்படைத்தார்கள். ஆட்சியை எப்படி வைத்திருக்கிறோம் என்பது வேறு கதை, வாய்க்காலைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறோம். கிழக்கே தெருவிளக்குக்கும் வேலைப்பாடு, பெயர்ப்பலகைக்கும் நீல எனாமல். மேற்கே போகப் போக என்ன இருக்கிறதென்று சுற்றுலாத் துறையின் வரைபடத்தில் இருக்காது. 2024 ஜூன் 11ஆம் தேதி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக ஏறி வந்தது. இரண்டு பெண்களும் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியும் செத்தார்கள். சாக்கடைக்குள் ஆளை இறக்கிக் கொல்வது பழைய வழக்கம். இங்கே சாக்கடையே வீடு தேடி வந்து கொன்றது. ஒயிட் டவுனிலிருந்து ஆட்டோவில் எவ்வளவு நேரம் ஆகிவிடும் அந்த இடத்துக்கு?

2014 நவம்பரில் கடற்கரையில் இருந்த, மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்தது. ஊரே துக்கம் கொண்டாடியது. உலக வங்கிப் பணத்தில் அதே தூண், அதே ஜன்னல் என்று அப்படியே எழுப்பி நிறுத்திவிட்டார்கள். மனமிருந்தால் முடிகிறது பாருங்கள். 1898இல் ரோடியர் மில்லாகத் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலையை 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடினார்கள். அதுவும் பழையதுதான், அதுவும் பாரம்பரியம்தான். 1936 ஜூலை 30இல் ஆலைத் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்திப் பன்னிரண்டு பேரைக் கொன்றது. அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் இந்த ஊருக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. அந்தப் பாரம்பரியத்துக்கு மஞ்சள் அடித்து வாடகைக்கு விட முடியாது. காலத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்பது எங்கள் சுற்றுலாத் துறையின் முழக்கம். மில் தொழிலாளிக்கு முழு ஓய்வே கொடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு முன்னும் வெளியூர்க்காரர்கள் இங்கே குடியேறியிருக்கிறார்கள். 1908இல் ஆங்கிலேயரின் வாரண்டுக்குத் தப்பி பாரதி வந்தார், பத்து வருஷம் இருந்தார். வாய்க்காலுக்கு மேற்கே விளக்கெண்ணெய்ச் செட்டியார் வீட்டில் குடியிருந்தபோது வாடகை பாக்கி விழுந்தது. செட்டியார் வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு, வாடகை கேட்காமல் போனார் என்பார்கள். இப்போது அப்படி ஒரு கவிஞன் வந்தால், மூன்று மாத முன்பணமும் ஆதார் நகலும் கேட்டு, அசைவம் சமைப்பாயா என்று விசாரித்து, கடைசியில் பேச்சிலருக்குக் கொடுப்பதில்லை என்று அனுப்பிவிடுவோம்.

எங்கள் ஊரிலும் உங்கள் தேசத்துக்காரர்கள் உண்டு: சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்க் குடும்பங்கள். 1962 ஆகஸ்ட் 16இல் ஆட்சி ஒப்படைப்பு ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தபோது ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள், அவர்கள் வாரிசுகள். பாட்டன் இந்தோசீனாவில் சண்டை போட்டான். பேரன் பாரீஸ் புறநகரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். உங்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அவனுக்கும் ஓட்டு உண்டு. விடுமுறைக்கு வந்து ஒயிட் டவுனில் அவன் வீடு கேட்டுப் பார்க்கட்டும். உங்கள் பாஸ்போர்ட்டும் அவன் பாஸ்போர்ட்டும் ஒரே நிறம். தரகர் பார்ப்பது அந்த நிறத்தையல்ல.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான். பத்தாவது மாதம் பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ ஒருவர் வந்து முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். உங்கள் படுக்கையறையில் எத்தனை கட்டில் போடலாம் என்று அளப்பார். பாரம்பரிய ஹோட்டல் ஆகப்போகிறது. வீட்டுக்காரர் வருத்தம் தெரிவிப்பார், முன்பணத்தில் சுண்ணாம்புச் செலவைக் கழித்துக்கொள்வார். அப்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே வருவீர்கள். வாருங்கள், முசே. எங்கள் தெருவில் மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். வாடகை எட்டாயிரம், உங்களைப் பார்த்ததும் பதினாறாயிரம் என்பார்கள்.