நட்டுக்கு ராஜபாட்டை

ஸ்பார்க் பிளக் துளையின் விட்டம் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர்தான். கைதவறிய நட்டுக்கு அதுவே ராஜபாட்டை. விழுந்ததும் ஆலோசகர்கள் கூடிவிடுவார்கள். "ஸ்டார்ட் பண்ணுங்க, புகையோட போயிடும்" என்பது அவர்களின் மலிவான யோசனை. அதிகச் செலவு வைப்பதும் அதுவே. கரித்துகள் போகிறதே என்பார்கள். போகும், துகள் என்பதால். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பல எஞ்சின்களில் ஹெட்டோடு மிஞ்சும் குறுகலான இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அங்கே சிக்கிய நட்டு சுத்தியல் வேலைதான் பார்க்கும். காந்தக் குச்சி போதாதா? இரும்பென்றால் போதும். அலுமினியமும் பீங்கான் சில்லும் காந்தத்தை மதிப்பதில்லை. அவற்றுக்கு நுனியில் கிரீஸ் தடவிய குச்சி, அல்லது உறிஞ்சும் மெல்லிய குழாய். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கூலியைக் கேட்டு அதிரும் அதே ஆலோசகர்கள், பிளக்கைக் கழற்றியதும் துளையைச் சுத்தமான துணியால் அடைக்கும் இலவச யோசனையை மட்டும் முன்கூட்டிச் சொல்வதேயில்லை.