மெர்லோ என்றொரு ஆள்மாறாட்டம்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலி நாட்டுப் பணக்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரியே குடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. சுரங்கத்துப் பணம் சும்மா இருக்குமா? பிரான்சின் போர்தோவிலிருந்து திராட்சைக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கப்பலில் இறக்கினார்கள். கட்டில் காபர்னே இருந்தது, மெர்லோ இருந்தது. டிக்கெட் எடுக்காமல் கார்மெனேர் என்ற இன்னொரு திராட்சையாரும் இருந்தார். யாரும் தலையை எண்ணவில்லை.

அவர் தப்பித்தது நல்ல நேரம். 1860-களில் ஃபைலாக்சரா என்ற பேன் அளவுப் பூச்சி அமெரிக்காவிலிருந்து போய், பிரான்சின் கொடிகளை வேரில் பிடித்து உறிஞ்சித் தீர்த்தது. மறுபடி நட்டபோது போர்தோக்காரர்கள் கார்மெனேரைக் கழித்துவிட்டார்கள். பூத்தால் பிஞ்சு நிற்காது, பழுக்க நாளாகும். யாருக்கு வேண்டும் இந்த வம்பு? ஆள் போய்விட்டார் என்று கணக்கை முடித்தார்கள்.

போனவரோ சாண்டியாகோவை ஒட்டிய மைப்போ பள்ளத்தாக்கில் மெர்லோ என்ற பெயரில் சௌக்கியமாகக் குடும்பம் நடத்தினார். ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, மறுபக்கம் பசிபிக், வடக்கே அட்டகாமா பாலைவனம். பூச்சிக்கு வழியில்லை. கோடையில் மழை கிடையாது. பனி உருகி வாய்க்காலில் வரும் தண்ணீர்தான்.

அந்த வெயிலிலும் இவர் நிஜ மெர்லோவுக்குச் சில வாரங்கள் கழித்துத்தான் பழுப்பார். தோட்டக்காரர்கள் இரண்டையும் ஒரே நாளில் அறுத்து ஒரே தொட்டியில் போட்டார்கள். ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாடை தூக்கியது. சந்தேகம் வந்ததா? ‘சிலி மெர்லோ அப்படித்தான்’ என்று நூறு வருஷம் ஓட்டினார்கள்! இந்தத் துணிச்சலை நான் மெச்சுகிறேன்.

1994 நவம்பர் 24 அன்று, மாநாட்டுக்கு வந்திருந்த பிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷெல் பூர்சிகோ ஒரு தோட்டத்தில் பூவைக் குனிந்து பார்த்தார். மகரந்தத்தாள்கள் முறுக்கியிருந்தன. இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். தோட்டம் யாருடையது? கார்மென் என்ற நிறுவனத்தினுடையது. கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

விவசாயிகளுக்குச் சந்தோஷமில்லை. அமெரிக்கர்கள் மெர்லோ மெர்லோ என்று அலைந்த காலம்; விற்கிற பெயரை யார் விடுவார்? அரசாங்கம் அங்கீகரிக்க 1998 ஆனது.

தனியாக விட்டு, தாமதமாக அறுத்ததும் ஆள் மாறிப்போனார்: கருஞ்சிவப்பு, கனத்த உடம்பு, பிளம் பழமும் லேசான புகையும். பெயுமோ, கொல்ச்சாகுவா பக்கத்துப் புட்டிகள் நன்றாக இருக்கும். போர்தோவின் பெரிய பெயர்களுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பெட்டியே வாங்கலாம்.

சீனாவில் காபர்னே கெர்னிஷ்ட் என்று ஒரு திராட்சை உண்டு. மரபணுச் சோதனை செய்தார்கள். அதுவும் இவர்தான்.