பழமொழிக்குப் பின் பிறந்த மருந்து

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்கிறார்களே. பன்னிரண்டு வயதான என் மகனுக்கு மட்டும் இன்சுலின் ஆயுள் முழுதுமா? ஊசியை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் ஓய்வெடுக்கலாமா?
— ஒரு தாயார், மூவார்

அம்மா, அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் இன்சுலின் பிறக்கவில்லை! 1922-இல், நீரிழிவால் எலும்பும் தோலுமாய் டொராண்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான டாக்டர் பான்டிங்கிடம் வந்து சேர்ந்து, தன் தேகத்தில் தானே ஊசி போடக் கற்றுக்கொண்ட எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி, பின்னர் விவாகம் செய்து, மூன்று மக்களைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள்; மருந்து மூன்று நாளல்ல, 58 வருஷங்களுக்கு மேல் துணைநின்றது.

ஊசியைக் கொடுங்கள், ஓய்வு மட்டும் இப்போது வேண்டாம். காலைப் பசியாறலுக்கே சாத்தே வாங்குகிற ஊர் நம்முடையது. சர்க்கரையை அதிகம் ஏற்றுவது இறைச்சியல்ல, கூட வரும் கெத்துப்பாட் சோற்றுக்கட்டிதான் என்பதை அவனுக்குச் சொல்லி, தட்டிலுள்ள கெத்துப்பாட் துண்டுகளை அவனே எண்ணவும், வைத்தியர் விதித்த கணக்கின்படி இன்சுலின் பேனாவைத் திருகி அளவை உரக்க வாசிக்கவும், ஊசி இறங்கியபின் பத்து எண்ணும்வரை பொறுத்திருக்கவும் பிரதிதினம் பழக்கி, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு வேளை ஊசி தவறியதென்று அவன் வந்து சொன்னால், தயவுசெய்து ஏசாதீர்கள். மறந்த பிள்ளையை ஏசினால் மறைக்கிற பிள்ளையாவான், மறைத்த வேளையை எந்த வைத்தியர் சரிசெய்வார்?

பேனா வெயிலில் நிற்கும் காரில் கிடக்கவேண்டாம். 30 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் இன்சுலினின் வீரியம் குன்றிவிடும்.